தங்கப்பொண்ணு வரைந்த தொடுகோடு

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. இரண்டும் ஒன்றுதானே என்று என் தங்கை கேலி செய்வாள். அவள் தமிழ் வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். இந்த வித்தியாசம் எனக்குத்தான் புரியும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. பகலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. சாயங்காலம் வீட்டு முன்ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். பிள்ளைகள் என்னை ஐரின் மிஸ் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ சொல்வார்கள், அதை நான் விசாரிப்பதில்லை. ஆனால் இங்கே நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. தங்கப்பொண்ணைப் பற்றி.

தங்கப்பொண்ணு பிறந்தது எழுமலையில். வாக்கப்பட்டு வந்தது மேலூருக்குக் கிழக்கே, கல் குவாரிகளைத் தாண்டி இருக்கும் ஒரு காலனிக்கு. புருஷன் கருப்புவுக்கு கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. இவள் நடவுக்குப் போவாள், களை எடுக்கப் போவாள், வயலில் வேலை இல்லாதபோது நூறுநாள் வேலைக்குப் போவாள். அவளுடைய அம்மாவுக்கும் அதே வேலைதான். வித்தியாசம் என்னவென்றால் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, இவள் ஐந்தாம் வகுப்பு வரை போனாள். கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டு படிப்பாள். அதற்கு மேல் எழுத்தோடு அவளுக்குச் சோலி இருந்ததில்லை. மகள் படித்தால் போதும் என்று இருந்தாள்.

ஒரே மகள், பாண்டிமீனா. என்னிடம்தான் டியூஷன் படித்தாள். கார்த்திகை மழையில் ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல் வந்ததே, அதில் போய்விட்டாள். அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். விடிந்தால் கணக்குப் பரீட்சை என்றிருந்த நாளில் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. நான் மாலையோடு போனேன். தங்கப்பொண்ணு அழவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. மகளின் வலது கையைப் பிடித்து அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

ஹாலில் ஜன்னலோரம் பாண்டிமீனா உட்காரும் இடம் காலியாகவே கிடந்தது. நல்ல காற்று வரும் இடம். "அங்க போய் உக்காரு" என்று அதட்டினால் போய் உட்காரும் பிள்ளை, மறுநாள் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவு மூடத்தனமா என்று ஒரு நாள் பிரசங்கமே செய்தேன். பிள்ளைகள் தலையை ஆட்டின. ஒருவரும் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால், பேப்பர் திருத்துவதற்கு நானும் அங்கே போய் உட்காரவில்லை.

அடுத்த ஆடி மாதம் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, தங்கப்பொண்ணு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். மகள் எழுதிய பழைய டெஸ்ட் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், ஒரு கணக்குச் சொல்லித் தரணும்," என்றாள்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வலது கைக் கட்டைவிரலைத் தரையில் ஊன்றினாள். ஆள்காட்டி விரலைக் கொஞ்சமாக விரித்து அரைவட்டமாக இழுத்தாள். பிறகு கையைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி ஊன்றி, எதிர்ப்பக்கமாக அதே மாதிரி இழுத்தாள். இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"காய்ச்சல்ல கெடந்த அம்புட்டு நாளும் பெட்சீட்டு மேல இதத்தேன் செஞ்சுக்கிட்டே கெடந்தா, டீச்சர். இங்கிட்டு ஒரு சுத்து, அங்கிட்டு ஒரு சுத்து. 'வெட்ட மாட்டேங்குதும்மா, எப்படின்னு சொல்லும்மா'ன்னு என்னையவே கேட்டா. எனக்கு என்ன தெரியும். தூங்குத்தா, தூங்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கேட்டுக்கிட்டே போயிட்டா."

அந்த விரல்கள் செய்தது என்ன என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அது பத்தாம் வகுப்பு வடிவியல். ஒரு வட்டம், அதற்கு வெளியே ஒரு புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைய வேண்டும். எட்டு மார்க். மையத்தையும் வெளிப்புள்ளியையும் இணைத்து, அந்தக் கோட்டைச் சரிபாதியாக்க மையக்குத்துக்கோடு போடுவோம். கோட்டின் இரண்டு முனையிலும் காம்பஸை ஊன்றி மேலேயும் கீழேயும் வில் வரைய வேண்டும், வில்லும் வில்லும் வெட்டிக்கொள்ளும் இடங்களை இணைக்க வேண்டும். காம்பஸைப் பாதி நீளத்துக்கு மேல் விரித்தால்தான் வெட்டும். குறைவாக விரித்தால் ஒன்றையொன்று எட்டவே எட்டாது. காய்ச்சல் மயக்கத்தில் அந்தப் பிள்ளை விரலைக் குறைவாக விரித்துக்கொண்டு நாள் முழுக்க வரைந்திருக்கிறாள்.

"அதுக்கு இப்ப என்னக்கா செய்யணும்?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

தங்கப்பொண்ணு சொன்னாள். அவர்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்த பெண்பிள்ளையைக் கன்னியாக வீட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். ஓர் ஓலைப்பெட்டிக்குள் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா என்று பிள்ளைக்குப் பிடித்ததை எல்லாம் வைத்து வீட்டு மூலையில் தூக்கி வைப்பார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுச் சாமி. வருடம் ஒருமுறை, தை மாதத்தில், பெட்டியை இறக்கிப் பொங்கல் வைத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் பிள்ளை வீட்டில் வந்து அமர வேண்டுமே. பாண்டிமீனா அமரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குள் அவள் குரல் கேட்கிறது. தங்கப்பொண்ணுக்கும் கேட்கிறது, கருப்புவுக்கும் கேட்கிறது. கருப்பு பயந்துபோய்ப் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறான். குறி சொல்லும் கோடாங்கி சுருளியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்துக் கேட்டார்கள். "கடைசியாக் கேட்டதக் குடுங்க. அது கைக்கு வராம வீட்டுல உக்கார மாட்டா" என்று சுருளி சொல்லிவிட்டார்.

கருப்பு தனக்குத் தெரிந்ததை எல்லாம் வாங்கி வந்திருக்கிறான். பச்சைத் தாவணி, புரோட்டா, புது காம்பஸ் பெட்டி. ஒன்றிலும் குரல் நிற்கவில்லை.

"அவ சாமான் கேக்கல டீச்சர். எப்படின்னு கேட்டா," என்றாள் தங்கப்பொண்ணு.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகிறவள். கோடாங்கி, குறி இதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுக்குக்கூட வராது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. நானே அந்தப் படத்தை நல்ல தாளில் வரைந்து தருகிறேன், கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிடுங்கள் என்றேன்.

"நீங்க வரைஞ்சா அது டீச்சர் வரைஞ்சது. அவ என்னையத்தேன் கேட்டா," என்றாள்.

மறுநாளே வரச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் வயலிலிருந்து நேரே வந்தாள். பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். இந்த வருடத்துப் பிள்ளைகளும் கேள்விப்பட்டு அந்த இடத்தில் உட்காருவதில்லை. ஆனால் அவர்கள் அவளுக்குப் புதுசு, அது யார் இடம் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். நான் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

சொல்லிக்கொடுத்தது லேசாக இல்லை. நாற்று நட்டுப் பழகிய கை. காம்பஸ் முள்ளையும் நாற்றை ஊன்றுகிற மாதிரியே ஊன்றினாள், தாள் கிழிந்தது. பென்சில் முனை பட் பட்டென்று உடைந்தது. ஸ்கேலில் சென்டிமீட்டர் எங்கே தொடங்குகிறது என்பதற்கே பல சாயங்காலம் போனது. முதலில் உதவிப்படம் போட வேண்டும் என்றேன். அளவில்லாமல் கையாலேயே தோராயமாக வரைகிற படம், அதற்கும் மார்க் உண்டு.

"முதல்ல பொய்யா ஒண்ணு, அப்பறம் நெசமா ஒண்ணா?" என்று கேட்டாள்.

"பொய்யில்லக்கா. என்ன வரப்போகுதுன்னு நாமளே தெரிஞ்சுக்கிறதுக்கு."

"தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்ய," என்று முனகிவிட்டு உதவிப்படம் போட்டாள். அவள் போட்ட வட்டம் கத்திரிக்காய் மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்புறம் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 'மீனா அம்மா' என்று கூப்பிட்டு, பென்சில் சீவிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

காது கொடுத்துக் கேட்கிற பெண் என்பதால் மற்றதும் ஒட்டிக்கொண்டது. நான் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் நடத்தும்போது கையை நிறுத்திவிட்டுக் கவனிப்பாள். எக்ஸ் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். தெரியாத எண்ணுக்கு நாம் வைத்துக்கொள்கிற பெயர் என்றேன். "ரெண்டு எக்ஸோட மூணச் சேத்தா பதினொண்ணு வருதுன்னு வைங்க. எக்ஸ் எம்புட்டு?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "நாலு" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். இதையும் முறையாகப் படியுங்கள், அடுத்த வருடம் தனித்தேர்வே எழுதலாம் என்று என்னென்னவோ பேசினேன். அவள் சுருக்கமாக முடித்துவிட்டாள். "அது அவ கேக்கலையே, டீச்சர்."

ஐப்பசியில் ஒரு நாள் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். இவள் மட்டும் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் காம்பஸ் சுற்றுகிற சத்தம் கேட்டது. தாளில் முள் திரும்பும்போது ஒரு நறநறப்பு வருமே, அந்தச் சத்தம். பதினாறு வருடமாகக் கேட்கிற சத்தம், எனக்குத் தப்பாது. 'சரியா விரிச்சீங்களாக்கா' என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். தங்கப்பொண்ணின் இரண்டு கையும் மடியில் இருந்தன. காம்பஸ் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி மூடியிருந்தது.

"கேட்டுச்சா?" என்றாள்.

நான் டஸ்டரைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கும் கேட்டுருச்சு," என்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஊருக்குப் போயிருந்த பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று யாரோ சொல்லக் கேட்டவள் போல இருந்தாள். அன்றைக்கு ராத்திரி நான் லைட்டை அணைக்காமல் படுத்தேன், ஜெபமாலையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு. நம்பிக்கை வேறு, பயம் வேறு என்று சொன்னேன் இல்லையா.

கார்த்திகை முடிவதற்குள் தங்கப்பொண்ணுக்குக் கணக்கு வந்துவிட்டது. மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டரில் புள்ளி. காம்பஸைப் பாதிக்கு மேல் விரித்து வில் போட்டாள், மேலேயும் கீழேயும் வெட்டியது. நான் கைதட்டிவிட்டேன், பிள்ளைகளும் தட்டினார்கள். அவள் அந்தத் தாளை உற்றுப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் வரையாமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து அவளுக்கு வரவில்லை.

மார்கழி முழுக்க அப்படித்தான். வட்டம் அழகாகப் போடுவாள். புள்ளியைச் சரியாகக் குறிப்பாள். வில் போடும்போது மட்டும் காம்பஸ் சுருங்கிவிடும். இரண்டு வில்லும் இரண்டு பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கும். நான் முதலில் காம்பஸைச் சந்தேகப்பட்டேன், திருகை இறுக்கிக் கொடுத்தேன். பிறகு கண் சரியில்லையோ என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில் கருப்பு ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டான். கல் தூசி அப்பிய சட்டையோடு கேட் ஓரமாக நின்றான்.

"தை பொறக்கப் போகுது டீச்சர். அவளுக்கு வந்துருமா?"

"வந்துரும்ணே."

"என்னால அந்த வீட்டுக்குள்ள போக முடியல. விளக்கு வச்சதும் 'சொல்லும்மா, சொல்லும்மா'ன்னு கேக்குது. எம் புள்ள டீச்சர் அது. எம் புள்ள குரலக் கேட்டு நானே ஓடுறேன். இந்தத் தையிலயும் அவ அமரலைன்னா வீட்டப் பூட்டிட்டு திருப்பூர்ப் பக்கம் போயிருவேன். வீட்டுக்காரி வர மாட்டேங்குறா. நான் ஒண்டியாத்தேன் போகணும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது, கோபமும் இருந்தது. ஆண்பிள்ளைக்கு ஓடுவதற்கு ஒரு பட்டறை இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தங்கப்பொண்ணு வரைவதை விடாமல் கவனித்தேன். கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. தெரியாமல் தப்புச் செய்த பிள்ளை, தப்பு என்று சொன்னதும் தாளைப் பார்க்கும். தெரிந்தே செய்த பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். அவள் காம்பஸைச் சரியாக விரித்தாள். விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு கட்டைவிரலால் மெல்ல அழுத்திச் சுருக்கினாள். வில் போட்டாள், வெட்டவில்லை. "தப்பு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

பிள்ளைகள் போகும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு நல்லா வருது."

"வருது, டீச்சர்."

"அப்பறம் ஏன் இப்படி?"

"வந்துட்டாக் குடுக்கணுமே." காம்பஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "குடுத்தா அவ சாமியாயிருவா. சாமிகிட்ட நம்மதேன் கேக்கணும். மழை கேக்கணும், நோய்நொடி வேணாம்னு கேக்கணும். சாமி நம்மகிட்ட ஒண்ணும் கேக்காது. இப்ப அவ என்னைய 'அம்மா, சொல்லு'ன்னு கேக்குறா. அது போயிரும்ல."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டது இல்லை. அண்ணன் வீடு தங்காமல் நாசமாகப் போகிறார், அதையும் பாருங்கள் என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவருக்காகன்னு இல்ல," என்று தங்கப்பொண்ணு மெதுவாகச் சொன்னாள். "நேத்து அவ குரல் ரொம்பக் களைச்சுக் கெடந்துச்சு டீச்சர். ஆஸ்பத்திரியில கடைசி நாள் இருந்த மாதிரி. எம் ஆசைக்காக எம் புள்ளையப் பரீட்சை ஹால்லயே உக்கார வச்சிருக்கேன். தெரிஞ்ச பதிலச் சொல்லாம." அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். சத்தமே இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்.

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை கன்னி கும்பிடு வைத்தார்கள். என்னை வரச் சொல்லியிருந்தாள். போகலாமா என்று ஃபாதரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், பிறகு கேட்கவில்லை. கேட்டு அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது.

சின்ன வீடு. வாசலில் சொந்தபந்தம் கூடியிருந்தது. கருப்பு நிலைப்படிக்கு வெளியே நின்றான், உள்ளே கால் வைக்கவில்லை. நான் உள்ளே போனபோது கதவுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் இரண்டு கீறல்களைப் பார்த்தேன். அரைவட்டமாக, ஒன்றுக்கொன்று எட்டாமல். உயிரோடு இருக்கும்போது கிறுக்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாண்டிப் போனேன். கீறலில் சிமெண்டுத் தூள் புதிதாகக் கிடந்தது போலிருந்தது. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூலையில் ஓலைப்பெட்டி திறந்திருந்தது. பச்சைத் தாவணி, வளையல், பவுடர் டப்பா. சுருளி நான் நினைத்த மாதிரி கிழவர் இல்லை, என் வயதுதான் இருக்கும். உடுக்கையை மெதுவாகத் தட்டிக்கொண்டு, "பாண்டிமீனா, உங்காத்தா சொல்ல வந்திருக்கா, கேட்டுக்க" என்றார். தங்கப்பொண்ணு தலைக்குக் குளித்து ஈரமுடியோடு வந்து உட்கார்ந்தாள். பெரிய வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து முழங்காலால் அழுத்திக்கொண்டாள். உதவிப்படத்தை ஓரமாகப் போட்டாள். வட்டம் வரைந்தாள். ஸ்கேல் வைத்து எட்டு சென்டிமீட்டர் அளந்து புள்ளி வைத்தாள், அதை மையத்தோடு இணைத்தாள்.

பிறகு காம்பஸை விரித்தாள். விரித்துக்கொண்டு நிறுத்தினாள்.

உடுக்கை நின்றது. விளக்கு வைக்கும் நேரம் அது. வீட்டுக்குள் எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. அவள் கட்டைவிரல் காம்பஸின் கால்மேல் இருந்தது. சுருக்கிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கட்டுமே என்றும் ஒரு மனசு சொன்னது.

"பாதிக்கு மேல விரிக்கணும்த்தா," என்று தங்கப்பொண்ணு சொன்னாள். யாரிடமோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி. "அம்புட்டுத்தேன். நீ கொஞ்சமா விரிச்சிட்ட. இந்தா பாரு."

வில் போட்டாள். மறுமுனையில் ஊன்றி மறுபடி போட்டாள். மேலே வெட்டியது, கீழே வெட்டியது. கோட்டை இழுத்தாள், நடுப்புள்ளி கிடைத்தது. அங்கே முள்ளை வைத்துப் பெரிய வட்டம் போட்டாள். அது சின்ன வட்டத்தை வெட்டிய இரண்டு இடத்துக்கும் வெளிப்புள்ளியிலிருந்து கோடு இழுத்தாள். அளந்து பார்த்து ஏழு புள்ளி நாலு என்று எழுதினாள். நான் சொல்லிக்கொடுத்து வரைந்த எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுத்தமாக வரைந்ததில்லை. தாளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

சுருளி திருநீறு போட்டு, "அமந்துட்டா" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். கருப்பு உள்ளே ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் விழுந்தான். "ஆத்தா, ஆத்தா" என்று அரற்றினான். அப்படியே தரையில் படுத்தவன் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். அத்தனை பேர் நடமாட்டத்திலும் எழுந்திருக்கவில்லை. தங்கப்பொண்ணு பொங்கப்பானையை இறக்கினாள், எல்லாருக்கும் இலை போட்டாள். நிற்கக்கூட நேரமில்லாமல் வேலை செய்தாள். அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காது கொடுப்பதையும், மறுபடி வேலையைப் பார்ப்பதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் அவள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அதுதான் நல்லது என்றும் நினைத்தேன். ஜன்னலோரம் மட்டும் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை, நானும் அதட்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை வந்தாள். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள்.

"அண்ணன் எப்படி இருக்காரு?"

"வீட்டுல படுக்குறாரு. நல்லாச் சாப்பிடுறாரு."

"நீங்க?"

"சத்தமே இல்ல டீச்சர்," என்றாள். "எதுத்த வீட்டுக் கனகா மகனோட ஹால் டிக்கெட்டக் கொண்டாந்து பெட்டிகிட்ட வச்சுக் கும்பிட்டுப் போறா. கணக்குல பாஸாக்கி விடு தாயின்னு. ஊருல எல்லாரும் வந்து அவகிட்ட கேக்குறாக. அவ யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. விளக்க வச்சிட்டு நானும் உக்காந்து உக்காந்து பாக்குறேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காம்பஸ் முள் குத்திக் குத்திக் காய்த்திருந்தது ஆள்காட்டி விரல்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். இதுக்கு அடுத்து எந்தக் கணக்கு அவளுக்கு வந்திருக்காது? அவ இருந்திருந்தா, இது முடிஞ்சதும் எதக் கேட்டிருப்பா?"

பாண்டிமீனாவுக்குத் தடுமாற்றம் எல்லாம் காம்பஸ் பிடிப்பதில்தான். இயற்கணிதத்தில் அந்தப் பிள்ளையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் போர்டில் சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். இதைச் சொன்னால் அவள் அம்மா பெருமைப்படுவாள். பெருமைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

"வர்க்கப் பூர்த்தி," என்றேன். "எக்ஸ் வர்க்கம் வருமே, அந்தக் கணக்கு. அது அவளுக்கு வரவே வராதுக்கா. கேட்டுக்கிட்டே இருப்பா."

"கேப்பாளா?"

"தொணதொணன்னு கேப்பா."

"ரொம்பக் கஷ்டமோ?"

"கஷ்டம்தான். நீங்க அடிப்படையில இருந்து வரணும். வருசக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும் டீச்சர்," என்று சொல்லி, தங்கப்பொண்ணு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.